வேப் பழக்கத்தை நாள் முழுக்க எப்படிக் கணக்கெடுப்பது? வேலூர்ப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

பாலாற்று_மணல்
வெள்ளி, இரவு 9.12

வணக்கம். பொது சுகாதாரத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வேலூரிலும் காட்பாடியிலும் 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்கள் மின்சிகரெட்டை, அதாவது வேப்பை, அன்றாடம் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் ஆய்வு. எத்தனை சதவீதம் பேர் என்பது என் கேள்வி இல்லை. எப்போது, எங்கே, யாருடன், என்ன செய்துகொண்டிருக்கும்போது, எவ்வளவு என்பதுதான்.

கையில் இருக்கும் வினாத்தாள் வெளிநாட்டு ஆய்வுகளைப் பார்த்துச் செய்தது. "கடந்த 30 நாட்களில் எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள்?" என்று ஒன்று. "ஒரு நாளைக்கு எத்தனை முறை?" என்று ஒன்று. முன்னோட்டமாகச் சிலரிடம் கேட்டேன். முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் வருகிறது. இரண்டாவதற்கு எல்லாரும் விழிக்கிறார்கள். ஒருவர் "எப்பவும்தான்" என்றார், இன்னொருவர் "எப்பயாவதுதான்" என்றார். உட்கார்ந்து பேசினால் இருவருடைய நாளும் ஏறக்குறைய ஒன்று.

அடிக்கிறவர்கள், விட்டவர்கள், களப்பணி செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எங்கே வாங்குகிறார்கள் என்பது ஆய்வில் இல்லை, இங்கேயும் வேண்டாம்.


மக்கன்பேடா
வெள்ளி, இரவு 9.40

தமிழ்நாட்டில் 2018லேயே தடை. 2019ல் நாடு முழுக்கத் தடை. இல்லாத பொருளுக்குக் கணக்கெடுப்பா? அரசாங்கக் காசா, உங்கள் காசா?


பாலாற்று_மணல்
வெள்ளி, இரவு 9.44

என் ஸ்கூட்டி பெட்ரோல் காசு, சார்.


கோட்டை_அகழி
வெள்ளி, இரவு 10.25

மக்கன்பேடா, தடை செய்ததால்தான் கணக்கு வேண்டும். கடையில் விற்கிற பொருள் என்றால் வரிக் கணக்கோ விற்பனைக் கணக்கோ ஏதாவது ஒன்று பேசும். இதற்கு அதுவும் கிடையாது.

2016-17ல் நாடு முழுக்க 15 வயதும் அதற்கு மேலும் ஆன 74,037 பேரிடம் புகையிலைக் கணக்கெடுப்பு எடுத்தார்கள். ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துபவர்கள் நாட்டில் 28.6%, தமிழ்நாட்டில் 20%. மின்சிகரெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களே 3%. பயன்படுத்துபவர்கள் 0.02%. நேராகப் பெருக்கிப் பார்த்தால் அத்தனை பேரில் 15 பேர். 15 பேரை வைத்து எப்போது, எங்கே என்று எதைச் சொல்வது? அதிலும் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்க, அட்டையும் பேனாவுமாக வந்து நிற்கிறவரிடம் 19 வயதுப் பையன் என்ன ஒப்புக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். களப்பணி மேற்பார்வையில்தான் தலை நரைத்தது.

பாலாற்று_மணல், உங்கள் இரண்டாவது கேள்வி சிகரெட்டுக்கே ஒழுங்காக வேலை செய்யாத கேள்வி. "எத்தனை பிடிப்பீர்கள்?" என்றால் பதில் 5, 10, 20 என்றுதான் விழும். 7, 13 என்று யாரும் சொல்வதில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சால் ஷிஃப்மன் என்ற உளவியலாளர் புகைப்பவர்கள் கையில் சின்னக் கணினி ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொன்றைப் பற்றவைக்கும்போதும் பதியச் சொன்னார். அந்தப் பதிவுகளில் இந்த முழு எண் குவியல் கரைந்துவிட்டது. நினைவிலிருந்து சொல்வது ஒன்று, அந்த நேரத்தில் பதிவது வேறொன்று. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அந்தக் கணினிக்கு அலைய வேண்டாம்.


காட்பாடி_பிளாட்பாரம்
சனி, காலை 1.08

நான் அடிக்கிறவன். எந்தக் கல்லூரி, எந்த ஹாஸ்டல் என்று யாரும் கேட்க வேண்டாம்.

முன்பு சிகரெட் பிடித்தேன். சிகரெட் என்றால் கேட்டைத் தாண்டி டீக்கடை வரைக்கும் நடக்க வேண்டும். டீ சொல்லி, கயிற்றில் தொங்கும் லைட்டரை இழுத்துப் பற்றவைத்து, நாலு பேருடன் பேசி, காலில் மிதித்து அணைத்தால் ஒரு தம் முடிந்தது. எத்தனை என்று விரலை மடக்கலாம்.

வேப்புக்கு அந்த முடிவு கிடையாது. லேப்டாப்பில் அசைன்மென்ட் எழுதிக்கொண்டே ரெண்டு இழுப்பு இழுத்து வைக்கிறேன். ஒரு பத்தி எழுதியதும் இன்னும் ரெண்டு. பாத்ரூமில், மொட்டைமாடிப் படிக்கட்டில், லைட் அணைத்த பிறகு போர்வைக்குள். எத்தனை முறை என்றால் எங்கிருந்து எது வரை ஒரு முறை? அந்த "எப்பவும்தான்", "எப்பயாவதுதான்" இரண்டையும் நானே ஒரே நாளில் சொல்வேன். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

பத்துப் பன்னிரண்டு இழுப்பு சேர்த்து அடிப்பது என்றால் ஏதாவது காரணம் இருக்கும். ரிசல்ட், சண்டை, மேட்ச்.


கோட்டை_அகழி
சனி, காலை 6.50

இதைத்தான் கேட்க நினைத்தேன். தம்பி, பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் மின்சிகரெட் அடிமைத்தனத்தை அளக்க 10 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று செய்தது. அதில் முதல் கேள்வியே ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதுதான். ஒரு முறை என்றால் சுமார் 15 இழுப்பு, அல்லது சுமார் 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று கேள்வியிலேயே எழுதியிருப்பார்கள். உன் நாளுக்கு அது பொருந்துமா?


காட்பாடி_பிளாட்பாரம்
சனி, மதியம் 12.15

15 இழுப்பை உட்கார்ந்து 10 நிமிடம் அடிக்க ஹாஸ்டலில் யாருக்கு தைரியம், சார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் கையை மடக்கிவிடுவோம்.


குடியாத்தம்காரன்
சனி, மதியம் 1.30

என் அம்மா பீடி சுற்றியவர். முறத்தை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, வாயை மடித்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் வீட்டில் எண்ணுவது என்றால் பீடி எண்ணுவதுதான். அதனால் இந்த இழை எனக்குப் பிடித்திருக்கிறது.

காட்பாடித் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பீடியை வாயில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினால் அணைந்துவிடும். தெந்து இலை காகிதம் மாதிரித் தானாக எரிந்துகொண்டிருக்காது. பீடி பிடிப்பவர் அடிக்கடி இழுத்தே ஆக வேண்டும். சிகரெட்டை விரலில் வைத்துவிட்டு மறந்தாலும் அது எரிந்து தீரும். இரண்டிலும் வேகத்தையும் முடிவையும் கொஞ்சம் பொருளே தீர்மானிக்கிறது. வேப்பில் முழுக்க ஆளே தீர்மானிக்க வேண்டும், அதுவும் யோசிக்காமலே. அப்படியிருக்க "எத்தனை" என்று கேட்டால் அவனுக்கு என்ன தெரியும்? கட்டு பிரித்தாயா, பாதிக் கட்டு மிச்சமா என்று கேட்கக்கூட வழியில்லை.


மக்கன்பேடா
சனி, மதியம் 2.05

எதற்கு இவ்வளவு சுற்றல்? ரத்தமோ சிறுநீரோ எடுத்து நிக்கோட்டின் பாருங்கள். பொய் சொல்ல முடியாது. ஆய்வு முடிந்தது.


சத்துவாச்சாரி_சிஸ்டர்
சனி, மாலை 6.10

முடியாது, சார். புகை விட விரும்புகிறவர்களுக்கான கிளினிக்கில் வேலை செய்கிறேன்.

நிக்கோட்டின் உடம்பில் நிற்பதில்லை, 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் அதை நேராகப் பார்க்காமல், அது உடைந்து உண்டாகும் கோட்டினைனைப் பார்ப்பார்கள். அது பாதியாக சுமார் 16 மணி நேரம் ஆகும். எச்சில், சிறுநீர், ரத்தம் எதிலும் பார்க்கலாம். ஆனால் அந்த நிக்கோட்டின் எங்கிருந்து வந்தது என்று கோட்டினைனுக்குத் தெரியாது. சிகரெட்டா, வேப்பா, வாயில் ஒதுக்குகிற ஹான்ஸா, புகை விட நாங்களே கொடுத்த நிக்கோட்டின் சூயிங்கமா, எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

வெளிநாட்டில் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். மூச்சை ஊதச் சொல்லி கார்பன் மோனாக்சைடு பார்ப்பது. எரிந்தால்தான் அந்த வாயு வரும். வேப்பில் திரவமாக இருக்கும் புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கம்பிச் சுருளில் சூடாகி ஆவியாகின்றன, எரிவதில்லை. எனவே கோட்டினைன் அதிகம், மோனாக்சைடு குறைவு என்றால் வேப் என்று ஊகிப்பார்கள். இங்கே அதே விடைக்கு ஹான்ஸ் ஒதுக்குகிறவரும் பொருந்துவார். விறகடுப்பு ஊதுகிற வீட்டிலிருந்து வருகிறவருக்குப் புகை பிடிக்காமலே மோனாக்சைடு கொஞ்சம் ஏறியிருக்கும்.

மூச்சு ஊதும் கருவி எனக்கு வேறு ஒன்றுக்கு உதவும். "சிகரெட்டை விட்டுவிட்டேன் சிஸ்டர், இப்போது வேப் மட்டும்தான்" என்று வருகிறவர்கள் உண்டு. ஊதினால் எண் எகிறும். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று மட்டும் என்பார்கள். அப்புறம் டீக்கு ஒன்று. இரண்டையும் வைத்திருப்பவர்கள்தான் நான் பார்ப்பதில் அதிகம். உங்கள் வினாத்தாளில் அதற்கு ஒரு தனிக் கேள்வியாவது இருக்கிறதா?


குடியாத்தம்காரன்
சனி, மாலை 6.55

சிஸ்டர், இன்னொன்று. பீடித் தூளைத் தினமும் கையாளுகிறவர்கள் உடம்பிலும் நிக்கோட்டின் ஏறும், தோல் வழியாகவும் தூசு வழியாகவும். பேரணாம்பட்டிலோ எங்கள் ஊரிலோ பரிசோதனை வைத்தால் வாழ்நாளில் ஒரு பீடி பிடிக்காத அம்மாமார்களுக்குக் கோட்டினைன் காட்டும். வீட்டில் அம்மா சுற்றும்போது உதவி செய்கிற பையன், பெண் என்றால் அவர்களுக்கும்தான். வேப் அடிக்கிறாயா என்று மாட்டிக்கொள்வார்கள் பாவம்.


சத்துவாச்சாரி_சிஸ்டர்
சனி, இரவு 7.20

உண்மை. அது என் பட்டியலில் இல்லை, சேர்த்துக்கொள்கிறேன்.


ஆம்பூர்_ஷிப்ட்
சனி, இரவு 8.00

கருவியிலேயே எண்ணும் வசதி இருக்கிறதே? சில மாடல்களில் திரையில் இழுப்பு எண்ணிக்கை ஓடும். புளூடூத் வைத்து போனுக்கு அனுப்புவதும் வெளிநாட்டில் வந்தது. ஆளிடம் கேட்கவே வேண்டாம், கருவியிடம் கேளுங்கள்.


காட்பாடி_பிளாட்பாரம்
சனி, இரவு 9.15

அண்ணா, அது யாருடைய எண்? ஹாஸ்டலில் ஒன்று நாலு பேர் கையில் சுற்றும். காசு போட்டு வாங்கியது பொது. எனக்கென்று தனியாக இல்லாத மாதங்களும் உண்டு. ரூம்மேட் வீட்டுக்குப் போனால் அதுவும் ஊருக்குப் போய்விடும், நாங்கள் டீக்கடைக்குப் போய்விடுவோம்.


கோட்டை_அகழி
சனி, இரவு 10.02

இந்தப் பதிலுக்காகவே இழை திறந்தது வீண் போகவில்லை. பாலாற்று_மணல், இதைப் பெரிய எழுத்தில் எழுதி மேஜையில் ஒட்டுங்கள். சிகரெட்டில் ஒன்றை ஒருவர் பிடிக்கிறார், மிஞ்சினால் கடைசி இரண்டு இழுப்பைப் பங்கு கொடுப்பார். வேப்பில் கருவியின் கணக்கு வேறு, ஆளின் கணக்கு வேறு. கடந்த 30 நாளில் எத்தனை நாள் என்ற கேள்வியும் இங்கேதான் உதை வாங்குகிறது. நண்பன் கையிலிருந்து தினம் ஒரு இழுப்பு வாங்குகிறவனும் 30, தூங்கும் நேரம் தவிர வாயில் வைத்திருப்பவனும் 30. அமெரிக்காவில் 2024ல் பள்ளி மாணவர்களில் 5.9% பேர் இப்போது பயன்படுத்துகிறார்கள் என்றார்களே, அங்கே "இப்போது" என்றால் கடந்த 30 நாளில் ஒரு நாளாவது என்றுதான் அர்த்தம். அந்த எண் ஊரின் போக்கைச் சொல்லும். ஒருவனுடைய நாளைச் சொல்லாது.

கருவியை நம்பினாலும் இன்னொரு ஓட்டை உண்டு. அட்டையில் 6000 இழுப்பு என்று போட்டிருப்பதை வைத்து, ஒன்று இத்தனை நாள் வந்தது, ஆகவே நாளுக்கு இத்தனை இழுப்பு என்று வகுக்கப் போகாதீர்கள். எவ்வளவு நேர இழுப்பை வைத்து அந்த எண்ணைப் போட்டார்கள் என்று அட்டையில் இருக்காது. மனிதர்கள் வேப்பை சிகரெட்டைவிட நீளமாக இழுக்கிறார்கள், ஆய்வகத்தில் அளந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டிருக்கிறார்கள்.


சத்துவாச்சாரி_சிஸ்டர்
சனி, இரவு 10.30

அதோடு வீரியமும் மாறும். ஐரோப்பாவில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின்தான் உச்சவரம்பு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஜூல் என்ற வேப்பில் 59 வரை இருந்தது. வீரியம் குறைந்த திரவம் கொடுத்தால் ஆள் தன்னை அறியாமலே நீளமாகவும் அடிக்கடியும் இழுத்துச் சரிக்கட்டிக்கொள்வார். எனவே இழுப்பு அதிகம் என்றால் நிக்கோட்டின் அதிகம் என்று ஆகாது. நம் ஊரில் கைமாறுவது எல்லாம் திருட்டுச் சரக்கு, அட்டையில் இருப்பதை நம்பவே கூடாது. ஆஸ்திரேலியாவில் நிக்கோட்டின் இல்லை என்று அச்சிட்டு விற்றவற்றைச் சோதித்தால் உள்ளே நிக்கோட்டின் இருந்தது. அங்கேயே அப்படி.


புதுவரவு_77
சனி, இரவு 11.48

[நெறியாளர் நீக்கியது]


நெறியாளர்
ஞாயிறு, காலை 7.05

எங்கே கிடைக்கும், என்ன விலை, எந்த ருசி நல்லது என்ற பதிவுகள் இங்கே நிற்காது. கேட்டவருக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தாயிற்று. இழை தொடரட்டும்.


வக்கீல்_குமாஸ்தா
ஞாயிறு, காலை 9.30

எல்லாரும் எண்ணுவதிலேயே இருக்கிறீர்கள். எண்ணி எழுதிய தாள் யார் கையில் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

2019 செப்டம்பர் 18ல் அவசரச் சட்டம், டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்றாண்டு வரை, ஐந்து லட்சம் வரை. இருப்பு வைப்பதற்கு ஆறு மாதம் வரை அல்லது 50,000 ரூபாய் வரை அல்லது இரண்டும். அடிப்பது என்ற செயல் அந்தத் தண்டனைப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால் கையில் ஒன்று வைத்திருப்பதும் இருப்புதான் என்று வாதிட இடமுண்டு, வாதிடுவார்கள்.

இப்போது ஒரு மாணவன் நாள் முழுக்க "11.20, மூன்றாம் மாடிப் படிக்கட்டு, இரண்டு பேருடன்" என்று பதிவு போட்டு அனுப்புகிறான். அது உங்கள் கணினியில் அவன் போன் எண்ணோடு இருக்கிறது. போலீஸ் வரை போக வேண்டாம், கல்லூரி நிர்வாகம் கேட்டால் என்ன செய்வீர்கள்? நெறிக்குழு ஒப்புதல் கடிதம் கேட்டைத் தாண்டி வருகிறவரைத் தடுக்காது. பெயரையும் எண்ணையும் பதிவுகளோடு சேர்த்தே வைக்காதீர்கள். இடம் கேட்டால் "வெளியே, உள்ளே, அறையில்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மாடி நம்பர் உங்களுக்கு எதற்கு? போனின் இருப்பிட அனுமதியைக் கேட்கவே கேட்காதீர்கள்.


மக்கன்பேடா
ஞாயிறு, காலை 10.10

குமாஸ்தா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. என் சந்தேகம் வேறு. இது சிகரெட்டைவிட நல்லது, இங்கிலாந்தில் டாக்டரே சொல்கிறார் என்று என் தங்கை பையன் வீட்டில் வாதம் செய்கிறான். உங்கள் ஆய்வு அவன் பக்கமா, என் பக்கமா?


சத்துவாச்சாரி_சிஸ்டர்
ஞாயிறு, காலை 11.25

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இழை இங்கேயே மாட்டிக்கொள்ளும். 2019ல் இங்கிலாந்தில் புகை விட விரும்பியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து மின்சிகரெட் குழுவில் 18% பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள், நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் குழுவில் 9.9%. அதே ஆய்வில், மின்சிகரெட்டால் சிகரெட்டை விட்டவர்களில் 80% பேர் ஒரு வருடம் கழித்தும் மின்சிகரெட்டை விடவில்லை. உங்கள் தங்கை பையன் முதல் பாதியை மட்டும் படித்திருப்பார். அவர் முன்பு சிகரெட் பிடித்தவரா?


மக்கன்பேடா
ஞாயிறு, காலை 11.31

இல்லை. டீ கூடக் குடிக்க மாட்டான்.


சத்துவாச்சாரி_சிஸ்டர்
ஞாயிறு, காலை 11.33

அப்போது அவருக்கு அந்த ஆய்வு பொருந்தாது. சிகரெட்டிலிருந்து இதற்கு மாறியவரும், ஒன்றும் இல்லாமல் இதில் தொடங்கியவரும் ஒரே பெட்டியில் விழக் கூடாது. பாலாற்று_மணல் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.


ஆம்பூர்_ஷிப்ட்
ஞாயிறு, மதியம் 3.45

எந்த மாதத்தில் எடுக்கப் போகிறீர்கள்? எங்கள் பக்கம் ரமலானில் எடுத்தால் பகல் முழுக்கச் சுத்தமாக இருக்கும். நோன்பு திறந்த பிறகு, தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து தெருவில் நிற்கும் நேரத்தில், விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு முன்னால் என்று எல்லாம் இரவுக்கு மாறிவிடும். மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி எங்கும் இதே கதைதான். கார்த்திகையில் எடுத்தால் மாலை போட்டவர்கள் சிகரெட்டைத் தொட மாட்டார்கள். வேப் தொடுவார்களா என்பது சுவாரசியமான கேள்வி, எனக்குத் தெரிந்த சாமி ஒருவர் அது நெருப்பே இல்லையே என்று கணக்குச் சொன்னார். இதெல்லாம் தெரியாமல் ஒரு மாதம் எடுத்துவிட்டு வேலூர் மாவட்டத்தில் பழக்கம் குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

ஷிப்டையும் பாருங்கள். தோல் ஷாப்பில், ஷூ கம்பெனியில் வேலைக்குப் போகும் 20 வயதுப் பையனுக்கு நாள் தொடங்குவது கல்லூரிப் பையனுக்குத் தொடங்கும் நேரத்தில் இல்லை. உங்கள் ஆய்வில் காட்பாடி ஹாஸ்டல் பையன்கள் மட்டும்தானா?


பாலாற்று_மணல்
ஞாயிறு, இரவு 8.50

எல்லாவற்றையும் படித்து, என் வழிகாட்டியிடமும் பேசிவிட்டு எழுதுகிறேன். இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன், உடையுங்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை முறை" என்ற கேள்வியை எடுத்துவிட்டேன். பதிலாக, ஒரு வாரம், தினம் ஐந்து தடவை, முன்கூட்டித் தெரியாத நேரத்தில் போனுக்கு ஒரு செய்தி போகும். கேட்பது இவ்வளவுதான்: கடந்த அரை மணி நேரத்தில் இழுத்தீர்களா? ஆம் என்றால் வேப்பா, சிகரெட்டா, பீடியா, வாயில் ஒதுக்குவதா? தனியாகவா, யாருடனாவதா? அறையிலா, உள்ளே வேறு இடத்திலா, வெளியிலா? என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? இல்லை என்றாலும் கடைசி இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். இழுக்காத நேரம் எப்படி இருந்தது என்று தெரியாமல் இழுத்த நேரத்தை எதோடு ஒப்பிடுவது? படிக்கும்போது இழுக்கிறேன் என்று 10 பதிவு வந்தால், அவர் நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு என்பதைக் காலைச் செய்தியில் கேட்கிறேன். சிகரெட்டில் அடிமைத்தனத்தை அளக்க ஃபேகர்ஸ்ட்ரோம் அளவுகோலில் இருக்கும் கேள்விதான், இதற்கு இழுப்பை எண்ண வேண்டியதில்லை. சார்ஜ் போட்டது எப்போது, யாருடைய கருவி என்பதை இரவில் கேட்கிறேன். காட்பாடி_பிளாட்பாரம் சொன்ன பிறகு சேர்த்தது அது. ஒரு தனி எண் மட்டும் கொடுத்து, பெயர்ப் பட்டியலை வேறு இடத்தில் காகிதத்தில் பூட்டி வைக்கிறேன். பரிசோதனை எதுவும் எடுக்கப் போவதில்லை. ரமலானும் கார்த்திகையும் தவிர்த்த மாதம். ஆம்பூர் அண்ணா கேட்டதற்கு, வேலைக்குப் போகிறவர்களையும் சேர்க்க ஆசைதான், ஆள் கிடைக்க வேண்டும்.


காட்பாடி_பிளாட்பாரம்
ஞாயிறு, இரவு 9.20

இரண்டு விஷயம். நீங்கள் ஐந்து தடவை கேட்டால் நான் ஐந்து தடவை அதை நினைப்பேன். ஒரு பழக்கம் கண்காணிக்கும் ஆப்பில் குறித்துப் பார்த்திருக்கிறேன். முதலில் குறைந்தது, குறிக்கச் சோம்பல் வந்ததும் பழையபடி ஏறியது. உங்கள் வாரத்தின் ஆரம்பத்தில் எல்லாரும் நல்ல பிள்ளைகளாக இருப்போம்.

இரண்டாவது, செய்தி போன் திரையில் தெரியும். வார இறுதியில் வீட்டில் இருப்பேன், போன் டேபிளில் கிடக்கும். "கடந்த அரை மணி நேரத்தில் வேப் இழுத்தீர்களா" என்று ஒளிர்ந்தால் அம்மா படிப்பார். அப்புறம் உங்கள் ஆய்வில் ஒரு ஆள் குறைவு.


கோட்டை_அகழி
ஞாயிறு, இரவு 9.55

முதலாவதற்கு முழு மருந்து கிடையாது. ஆனால் அதுவே ஒரு தகவல். முதல் இரண்டு நாளையும் மீதி நாட்களையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், சரிவு எவ்வளவு என்று எழுதுங்கள். ஒளித்து வைத்தால்தான் தப்பு. பதில் வராத செய்திகளையும் தூக்கிப் போடாதீர்கள். எந்த நேரத்துச் செய்திகளுக்குப் பதில் வரவில்லை என்று பாருங்கள். என் அனுபவத்தில் ஆட்கள் பதில் சொல்லாமல் போகும் நேரம்தான் நாம் தேடுகிற நேரம்.


சத்துவாச்சாரி_சிஸ்டர்
ஞாயிறு, இரவு 10.05

செய்தியில் பொருளின் பெயரே வர வேண்டாம். "இன்றைய பதிவு 3" என்று மட்டும் வரட்டும். தொட்டு, நாலு இலக்க எண் போட்டால் கேள்வி திறக்கட்டும். பெண்களைச் சேர்ப்பதாக இருந்தால் இது இன்னும் அவசியம். என்னிடம் வருகிற பெண்கள் கிளினிக் பெயர் போட்ட சீட்டைக்கூட வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.


பாலாற்று_மணல்
ஞாயிறு, இரவு 10.20

"இன்றைய பதிவு" நன்றாக இருக்கிறது, அப்படியே வைக்கிறேன். ஞாயிறு மதியம் செய்தி அனுப்பலாமா? பிரியாணி சாப்பிட்டுத் தூங்குகிற நேரம், எரிச்சல்படுவார்களோ என்று யோசிக்கிறேன்.


ஆம்பூர்_ஷிப்ட்
ஞாயிறு, இரவு 10.24

பிரியாணிக்கும் தூக்கத்துக்கும் நடுவில் கால் மணி நேரம் மொட்டைமாடி இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். ஷூ கம்பெனிப் பையன்கள் நாலைந்து பேரிடம் கேட்டுச் சொல்கிறேன். சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.


குடியாத்தம்காரன்
ஞாயிறு, இரவு 10.40

பீடியையும் பட்டியலில் சேர்த்ததற்கு நன்றி. எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன்.